கழுத்துக் கருப்பு

அக்கா மகளுக்கு 13 வயது, எடை கொஞ்சம் அதிகம். (அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "தட்டுவடை செட்டைக் குறைடி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஊர்த் தீனியைச் சேலத்தில் பிறந்தவளிடம் போய்! சொல்கிறவர் கையிலும் ஒரு செட்டு இருக்கும், அது வேறு விஷயம்.

கழுத்தைச் சுற்றிப் படர்ந்த கருப்பை அழுக்கு என்று நினைத்து, அக்கா கடலை மாவு போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். போன வாரம் டாக்டர் பார்த்ததும் சொன்னார்: அழுக்கில்லை, உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்காததன் அடையாளம். அதனால் ரத்தத்தில் இன்சுலின் கூடிப்போனால் தோல் இப்படித் தடித்துக் கருக்குமாம்.

எடைக்கு முன்னால் உயரத்தைத்தான் அளந்தார். தைராய்டு குறைந்தாலோ கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடினாலோ எடை ஏறும், ஆனால் உயரம் வளர்வது மந்தமாகிவிடும். இவளோ என்னைத் தாண்டிவிட்டாள், அதனால் அந்தச் சந்தேகம் குறைந்தது.

அப்புறம் மரபணு. மூளைக்குக் 'கொழுப்பு போதும்' என்று தகவல் சொல்வது லெப்டின், 1994இல் கண்டுபிடித்த ஹார்மோன். அதை உண்டாக்கும் மரபணுவே பழுதாகிப் பசி அடங்காத குழந்தைகள் மிக அபூர்வம். மற்றவர்களுக்கு எஃப்டிஓ மாதிரிப் பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடையைக் கூட்டிவிடுகின்றன. எங்கள் அம்மா வழியில் எல்லோருக்கும் இதே உடல்வாகுதான், கல்யாண ஆல்பமே சாட்சி.

கடலை மாவு டப்பா அடுப்படிக்குத் திரும்பிவிட்டது. பஜ்ஜி போடலாமா என்று அம்மா கேட்கிறாள், அக்கா முறைக்கிறாள்.