அலியா, ராபின்சனா?

ராயபுரம் பக்கம் குத்துச்சண்டையில் யார் பெரிய ஆள் என்ற பேச்சை எடுத்தால் கடைசியில் முகமது அலியிடம்தான் வந்து நிற்கும். நிற்காமல் என்ன செய்யும்? 1980இல் நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் அவர் போட்ட காட்சிச் சண்டையைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

ஆனாலும் வித்தை என்று வந்தால் என் ஓட்டு அலிக்கு முந்தைய தலைமுறை அமெரிக்க வீரர் சுகர் ரே ராபின்சனுக்குத்தான். 1957இல் ஜீன் ஃபுல்மரை ஐந்தாவது ரவுண்டில் சாய்த்தாரே, அந்த இடது ஹூக்கை, அதாவது கையை வளைத்துப் பக்கவாட்டில் விடும் குத்தை, வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கால் பின்னால் நகர்கிறது, எதிராளி உள்ளே வருகிறார், கை சின்ன வட்டம்தான் போடுகிறது. ஃபுல்மர் அதுவரை யாரிடமும் நாக்அவுட் ஆனதே இல்லை. பின்வாங்கும்போது குத்தில் பலம் இருக்காது என்றுதானே வாத்தியார்கள் சொல்லித்தருவார்கள்!

அலி கையைத் தொங்கவிட்டு, தலையை நேராகப் பின்னுக்கு இழுத்துத் தப்பியவர். 1971இல் எதிராளி ஜோ ஃப்ரேசியரின் இடது ஹூக் அவரைப் பதினைந்தாவது ரவுண்டில் கீழே தள்ளியது. விழுந்த வேகத்தில் எழுந்தார் பாருங்கள், அந்த நெஞ்சுரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

சிலர் ராக்கி மார்சியானோ பெயரைச் சொல்வார்கள். அவர் ஆடிய 49 சண்டையும் ஜெயித்தவர், சரி. ஆனால் அவர் முன்னாள் சாம்பியன் ஜோ லூயிஸை வீழ்த்தியபோது லூயிஸுக்கு வயது 37. அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அப்புறம், அன்றைக்குப் பட்டச் சண்டை 15 ரவுண்டு. இன்றைய 12 ரவுண்டு ஆட்களோடு ஒப்பிடும்போது அந்தக் கடைசி மூன்றை மறந்துவிடாதீர்கள்.