பத்துச் சதத்துக்கு ஒரு படம்: திருகோணமலைக் குறிப்புகள்

2025 ஜனவரி 2

நம்மைப் போன்றவர்கள் எடுத்த படங்களை இணையத்தில் விற்கும் ஷட்டர்ஸ்டொக்கில் ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் எல்லோருடைய கணக்கும் முதற்படிக்கு இறங்கிவிடும். போன வருடம் நாலாம் படியில் நின்றேன்; அங்கே விற்கிற படத்தில் 30 சதவீதம் நமக்கு. நேற்றிலிருந்து மறுபடி 15. நூறு படம் விற்ற பிறகு 20, இருநூற்றைம்பது தாண்டினால் 25, ஐந்நூறு தாண்டினால்தான் பழைய 30. இந்தப் படிக்கணக்கு 2020 ஜூனில் வந்தது. அதற்கு முதல், சந்தா கட்டியவர் ஒரு படத்தை இறக்கினால் அமெரிக்கக் காசில் 25 சதமாவது நிச்சயம், கூடினால் 38 சதம். அப்போது ஒருமுறை ஏறிய படியிலிருந்து யாரும் இறக்கமாட்டார்கள். இப்போது ஆகக் குறைந்தது 10 சதம். இன்றைய விலைக்கு நம் காசில் 30 ரூபாவுக்குக் கிட்ட.

ஸ்டூடியோவில் தை பிறக்கும்வரை கல்யாண வேலை இல்லை. மழையும் விடவில்லை. பழைய படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த வருடம் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இருக்கும் தம்பி தங்கைகள் பலர் தனித்தனியாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இன்னும் இதில் ஏதாவது வருமானம் இருக்கிறதா?

ஜனவரி 8

இன்னொரு பெரிய படக் கடையான கெட்டி இமேஜஸும் ஷட்டர்ஸ்டொக்கும் ஒன்றாகப் போகின்றனவாம். நேற்று அறிவித்துவிட்டார்கள். இரண்டும் சேர்ந்தால் 370 கோடி டொலர் பெறுமதி. அரசாங்கங்களின் அனுமதி வரவேண்டும், அதற்கு நாள் எடுக்கும்.

இந்தத் தொழிலில் கடைகள் ஒன்றையொன்று வாங்குவது புதிதில்லை. 2000ஆம் ஆண்டில் கனடாவின் கல்கரியில் தொடங்கிய ஐஸ்டொக்போட்டோவை 2006இல் கெட்டி 5 கோடி டொலருக்கு வாங்கியது. சாதாரண ஆட்களும் படம் விற்கலாம் என்ற வழியைத் திறந்ததே ஐஸ்டொக்தான். ஃபொட்டோலியா என்ற படத் தளத்தை மென்பொருள் நிறுவனமான அடோபி 80 கோடி டொலருக்கு வாங்கி, 2015இல் அடோபி ஸ்டொக் ஆக்கியது. பெக்ஸல்ஸ், பிக்ஸாபே என்ற இரண்டு இலவசத் தளங்களும் 2019இல் வடிவமைப்புத் தளமான கன்வா கைக்குப் போயின. இன்னொரு இலவசத் தளமான அன்ஸ்பிளாஷ் 2021இல் கெட்டி கைக்கு.

எனக்கு இதில் பயம் ஒன்றுதான். ஒரே படத்தை நாலு இடத்தில் போடலாம் என்பதுதான் இதுவரை நம்மிடம் இருந்த ஒரே பலம். ஒரு இடத்தில் விலையைக் குறைத்தால், நல்ல படத்தை மற்ற இடத்துக்கு முதலில் அனுப்பலாம். வாசல்கள் குறையக் குறைய அந்தத் தெரிவும் குறைகிறது. வாங்குகிறவருக்கும் இது நல்லதில்லை என்றே நினைக்கிறேன்.

பெப்ரவரி 16

கடந்த ஆறு மாத விற்பனைப் பட்டியலை முழுதாக இறக்கிப் பார்த்தேன். கோணேசர் கோயிலின் சூரியோதயம், நிலாவெளி வெண்மணல், புறாமலைத் தீவைச் சுற்றிய பச்சைத் தண்ணீர், இவை மூன்றும் முன்பு என் அரிசிக்காசு. இப்போது அவை அசையவில்லை. நிலாவெளிக் கடற்கரை என்று தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. விடுமுறைக்கு வந்த வெள்ளைக்காரரும் ட்ரோன் வைத்திருப்பவரும் நல்லாகவே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் என் படம் எங்கே இருக்கிறதென்று எனக்கே தேடிப்பிடிக்கக் கஷ்டம்.

விற்றுப்போயிருப்பவை வேறு. கிண்ணியா வீதியோரம் அடுக்கிய எருமைத் தயிர்ச் சட்டி. சந்தையில் ஐஸ் மேலே கொட்டிக் கிடக்கும் சூடை மீன். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வாளியோடு குனிந்து நிற்கும் அம்மாவின் முதுகு. எல்லாவற்றையும்விடக் கூடப் போனது கோட்டை வாசலுக்குக் கிட்ட ஒரு புள்ளிமான் பொலித்தீன் பையை மென்றுகொண்டு நிற்கும் படம். அதை எடுத்த அன்று பையை இழுத்தெடுக்கப் பார்த்தோம், மான் விடவில்லை. சுற்றுச்சூழல் பற்றி எழுதுகிறவர்கள்தான் வாங்குகிறார்கள் போல. யார் வாங்கினார் என்று நமக்குக் காட்டமாட்டார்கள், எந்த நாடு என்று மட்டும் சில இடங்களில் தெரியும்.

அழகான படம் செத்துவிட்டது என்று சொல்லவரவில்லை. ஆனால் அழகை யாரும் வந்து எடுத்துப்போகலாம். அந்த மான் எந்த நேரத்தில் குப்பைத் தொட்டிப் பக்கம் வரும் என்று ஊரில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

மார்ச் 9

விடிய முதல் சல்லிக் கிராமத்துப் பக்கம் போனேன். கடலின் கொந்தளிப்பு இறங்கிவிட்டது, கரைவலை தொடங்கிவிட்டார்கள்.

தோணி வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டுக் கரைக்கு வந்த பிறகு, இரண்டு பக்கக் கயிற்றையும் இரண்டு கூட்டமாகப் பிடித்து இழுக்கிறார்கள். ஒவ்வொருவரும் இடுப்பில் கட்டிய துண்டுக் கயிற்றைப் பெரிய கயிற்றில் கொழுவி, முழு உடம்பையும் பின்னுக்குச் சாய்த்து, குதியை மணலில் புதைத்து ஒரு அடி, பிறகு ஒரு அடி. கடைசியில் நிற்பவர் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டுத் திரும்பத் தண்ணீர் ஓரத்துக்கு நடந்துபோய் முதல் ஆளாக நிற்பார். இதைத் தெரியாமல் படமெடுத்தால் ஒருவர் சும்மா நடந்துபோவது போலத்தான் தெரியும். குதி புதைகிற இடத்தில் மணல் இரண்டாகப் பிளந்து தண்ணீர் ஊறுகிறது. நான் வயிற்றில் படுத்து அதைத்தான் கூடுதலாக எடுத்தேன். வலையின் மடி கரைக்கு வர வெயில் ஏறிவிட்டது. உள்ளே கீரிமீனும் நெத்தலியும், நடுவில் இரண்டு பாரை.

பிறகு ஒப்புதல் படிவம். முகம் அடையாளம் தெரிகிற படத்தை விளம்பரத்துக்கு விற்க வேண்டுமென்றால் அந்த ஆளின் கையெழுத்து வேண்டும், சாட்சியும் வேண்டும். படிவம் ஆங்கிலத்தில். பின்பக்கத்தில் தமிழில் முழுதாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். வலைக்காரரில் மூத்தவரிடம் வாசித்துக் காட்டினேன்.

"வாங்குறவன் என்ர முகத்தை வச்சு என்ன செய்வான் பிள்ளை?"

"எந்த விளம்பரத்துக்கும் போடலாம் மாமா. சாப்பாட்டுச் சாமான், வங்கி, ஃபோன் கொம்பனி, எது எண்டு எனக்கும் தெரியாது."

கொஞ்ச நேரம் யோசித்தார். "கடன் குடுக்கிறவன் எண்டால் வேண்டாம். மிச்சத்துக்குப் போடு."

அப்படிப் பிரித்துக் கொடுக்க அந்தப் படிவத்தில் இடமில்லை. கொடுத்தால் முழுதாகக் கொடுப்பது, இல்லையென்றால் இல்லை. அதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் படிவத்தை என் கையில் தந்துவிட்டார். அவர் முகம் உள்ள படங்கள் செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டுமான எடிட்டோரியல் பிரிவில் போகும். முகம் தெரியாத கயிறும் குதியும் மீனும் விளம்பரப் பிரிவுக்கு. விளம்பரப் பிரிவில்தான் வாங்குகிறவர் அதிகம், அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மனிதர் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு, வேறு வழி பார்க்க எனக்கு மனம் வராது. அவருடைய படத்தைப் பெரிதாக அச்செடுத்து, வருகிற ஞாயிறு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

மார்ச் 12

மூன்று நாளாகக் குறிச்சொல் வேலை: தேடுகிறவர் கண்ணில் படம் படுவதற்காக ஒவ்வொரு படத்துக்கும் சொற்கள் போடுவது. ஷட்டர்ஸ்டொக்கில் 50 வரை, அடோபியில் 49 வரை. அடோபியில் முதல் பத்துக்குத்தான் பெறுமதி கூட. எடிட்டோரியல் படத்துக்கு ஊர், நாடு, திகதி முதலில் வரவேண்டும், பிறகு நடந்தது என்ன என்று நேரான ஒரு வசனம்.

பலர் இதைக் கடைசியில் அவசரமாகச் செய்கிறார்கள். கரைவலைப் படத்துக்கு "கடற்கரை, வெப்பமண்டலம், விடுமுறை" என்று போட்டால் அது விடுமுறைப் படங்களின் குவியலில் விழும். மீன்பிடி முறை, மீனின் இனம், கிழக்கு மாகாணம், சிறுதொழில் மீனவர், கூட்டு உழைப்பு என்று போட்டால், மீன்பிடியைப் பற்றி எழுதுகிற ஒருவர் தேடும்போது வரும். அப்படிப்பட்டவர் கொஞ்சப்பேர்தான். ஆனால் அவருக்கு முன்னால் நிற்கும் படங்களும் கொஞ்சம்தான்.

ஏப்ரல் 20

புதுவருடத்துக்கு வந்த சித்தியின் மகன் இன்னும் இங்கேதான். மடிக்கணினியில் எழுத்தடித்துச் செயற்கை நுண்ணறிவால் படம் செய்கிறான். "அக்கா, நீங்கள் விடிய எழும்பிப் போய் ஒரு படம் எடுத்து வாறதுக்குள்ள நான் ஐம்பது செய்திடுவன்," என்றான். உண்மைதான். நான் மறுக்கவில்லை.

அவனுக்கு நடைமுறையைச் சொன்னேன். கெட்டி 2022 செப்டம்பரிலேயே செயற்கை நுண்ணறிவுப் படங்களை ஏற்பதில்லை என்று சொல்லிவிட்டது. ஷட்டர்ஸ்டொக்கும் நம்மிடமிருந்து அவற்றை எடுப்பதில்லை. ஆனால் தன் தளத்தில் தானே செய்து கொடுக்கிறது. அடோபி 2022 டிசம்பரிலிருந்து எடுக்கிறது, அடையாளமிட்டு அனுப்ப வேண்டும். 2023இல் வந்த அடோபி ஃபயர்ஃபிளை, நாம் விற்க வைத்த படங்களைப் பார்த்துத்தான் படிக்கப் பழகியது. அதற்கென்று ஒரு சிறு தொகையும் தந்தார்கள். நம் படங்களைப் பயிற்சிக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஷட்டர்ஸ்டொக் கணக்கில் தெரிவு செய்யலாம். நான் அப்படியே செய்துவிட்டேன். வருகிற சில சதத்துக்காக என் ஊர்க்காரரின் கைகளை ஒரு இயந்திரத்துக்குப் பாடமாகக் கொடுக்க விருப்பமில்லை.

பிறகு இருவரும் சேர்ந்து ஒரு தளத்தில் கோணேசர் கோயிலைத் தேடினோம். மூன்றாவது வரிசையில் ஒரு படம்: மலை, கோபுரம், கீழே கடல், கடலுக்குள் இறங்குகிற செஞ்சூரியன். செயற்கைப் படம் என்ற அடையாளமே இல்லை. கோணமலையில் நின்று பார்த்தால் திறந்த கடல் கிழக்கே. அங்கே சூரியன் எழும்பும், மறையாது. கோபுரமும் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோபுரம் மாதிரி. தம்பிக்கும் பிடிக்கவில்லை, அவன் சின்ன வயதில் தேருக்கு வந்து அந்த மலையேறியவன். இதை ஒரு பாடப்புத்தகத்தில் போட்டால் பிள்ளைகள் அதைத்தான் கோணேசர் என்று படிப்பார்கள். தளத்துக்கு எழுதினேன். பதில் வரவில்லை.

மே 11

நிலாவெளியில் விருந்தினர் விடுதி வைத்திருக்கும் ஒருவர் சீசனுக்குப் படம் வேண்டுமென்று ஃபோன் எடுத்தார். முதலில், "இணையத்தில இலவசமா இருக்கே தங்கச்சி, அதைவிட ஏன்?" என்றார். இலவசத் தளத்துப் படத்தைப் பக்கத்து விடுதிக்காரரும் போடலாம், மாலைதீவில் உள்ளவரும் போடலாம், அதைப் பார்த்து வருகிறவர் உங்கள் கடற்கரையைத் தேடுவார் என்று சொன்னேன். ஒத்துக்கொண்டார். அவருடைய முற்றம், அவருடைய சமையல்காரர் இடியப்பம் பிழிவது, படகுக்காரர் புறாமலைக்கு ஆள் ஏற்றுவது, எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். ஒரு வருடப் பாவனைக்கு எழுத்தில் ஒப்பந்தம், பிறகு படம் என்னுடையது. படம் விற்கும் தளங்களில் பல மாதம் சேரும் காசு அந்த ஒரு வேலையில் வந்தது.

ஜூன் 22

கச்சான் காற்று அடித்துக் கொளுத்துகிறது. பகலில் வெளியே எடுக்கும் படம் எல்லாம் புழுதி.

பலர் கேட்டதால் காசு வருகிற வழியை எழுதுகிறேன். நம் நாட்டில் இணையப் பணச் சேவையான பேபால் கணக்கில் காசு பெற முடியாது. அதேபோன்ற பேயோனியர் வழியாக எடுத்து வங்கிக்கு மாற்றலாம். ஒரு குறிப்பிட்ட தொகை சேர்ந்த பிறகுதான் அனுப்புவார்கள், அடோபியில் அது 25 டொலர். அடோபி படத்துக்கு 33 சதவீதம், வருடத் தொடக்கத்தில் இறங்குகிற கதை அங்கே இல்லை. அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால், அங்கே நடக்கும் விற்பனையில் 30 சதவீதம் பிடித்துவிடுவார்கள். முதல் நாளே நிரப்புங்கள். 10 சதம் 10 சதமாகச் சேரும் காசில் பிடிபடுவது பெரிய தொகை.

2022இல் டொலர் விலை கிறுகிறுவென்று ஏறியபோது, இந்தக் காசுதான் எங்கள் வீட்டில் எரிவாயுவுக்கும் அம்மாவின் மருந்துக்கும் போனது. சிறு தொகை என்று யாரும் இதை இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

ஆகஸ்ட் 3

கரைவலைப் படங்களில் குதியும் மணலும் உள்ளது நகர்ந்துகொண்டிருக்கிறது. எல்லாம் சந்தா விலைதான், ஆனால் நாடு மாறி மாறிப் போகிறது. மூத்தவரின் முகப்படம் எடிட்டோரியலில் ஒன்று போயிருக்கிறது, அதற்கு வந்தது கொஞ்சம் பெரிய தொகை. பாதியை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்தப் பத்திரிகை என்று கேட்டார், அதுதான் தெரியவில்லை.

இலாபம் என்று கேட்பவர்களுக்கு என் கணக்கு இது: பொதுவான காட்சிகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டேன். மாதத்தில் ஏற்றுவது குறைந்திருக்கிறது, ஏற்றுவதில் விற்பது கூடியிருக்கிறது. மொத்தக் காசு 2019 அளவுக்கு வரவில்லை, வருமென்று நான் எதிர்பார்க்கவுமில்லை. விடுதிக்காரர் மாதிரி நேரடியாக வாங்குபவர் இன்னும் இரண்டு பேர் கிடைத்தால் சமாளிக்கலாம்.

தம்பலகாமத்தில் சிறுபோக அறுவடை தொடங்கப் போகிறது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் இந்த முறை கடைசிவரை வந்ததாம், கதிர் நல்லாயிருக்கிறதாம். இயந்திரம் இறங்காத சேற்று வயல்களில் பெண்கள் இன்னும் கையால் அறுக்கிறார்கள். தமிழ்ப் படிவத்தை இந்த முறை ஒழுங்காகத் தட்டச்சு செய்து, படம் எந்த விளம்பரத்துக்கும் போகக்கூடும் என்பதை மேலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். புதன்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன்.