ஒற்றை அழி கேட்ட ஜன்னல்

ரெவிட் என்ற கட்டட வரைபட மென்பொருளில் ஒரு ஃபேமிலி (கதவு, ஜன்னல் போன்ற ஒரு பொருளின் மாதிரி) செய்வதென்றால், அந்தப் பொருள் இனி எப்படியெல்லாம் மாறும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அகலம் கூடினால் எது நகரும், எது நிற்கும் என்று ரெஃபரன்ஸ் பிளேன் என்ற வழிகாட்டித் தளங்களைப் போட்டு, அளவுகளைப் பூட்டி, சூத்திரம் எழுத வேண்டும். பிறகு எண்ணை மாற்றினால் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாகர்கோவிலில் வீட்டு வரைபடம் போடும் எங்களை அது மல்லுக்கு இழுத்தது அழி, அதாவது மரக்கம்பி, வைத்த ஜன்னலில்.

தக்கலைப் பக்கம் வீடு கட்டுகிறவர்களில் சிலர் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்து, மர வேலைப்பாடு வேண்டும் என்பார்கள். அப்படி ஒரு வீட்டுக்கு 4 அங்குலத்துக்கு ஓர் அழி என்று கணக்கு. அகலத்தை 4 ஆல் வகுத்து, பின்னத்தை விட்டு, ஒன்றைக் கழித்தால் அழிகளின் எண்ணிக்கை. 4 அடி ஜன்னலுக்கு 11, 3 அடிக்கு 8. ஒன்றையே வரிசையாகப் பெருக்கிவைக்கும் அர்ரே அழகாக நிரப்பியது. அடுக்களையில் 9 அங்குல வென்டிலேட்டர் வந்தபோது விடை 1. எங்களிடம் இருந்த பதிப்பில் அர்ரேக்குக் குறைந்தது இரண்டு வேண்டும். பிழைச் செய்தியோடு நின்றது.

ஆசாரியிடம் சொன்னேன். "நடுவில ஒண்ணு வச்சா போராதா சாரே?" என்றார். போதும்தான்.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த குறுக்குவழி உண்டு. விடை 2க்குக் கீழே போனால் அர்ரேயை இரண்டிலேயே நிறுத்தி மறைத்துவிடுவது. தனியாக வைத்த ஓர் அழியை மட்டும் காட்டுவது. திரையில் சரியாகத் தெரியும். ஆனால் மரக் கணக்குக்காக அழியை ஷேர்டு ஃபேமிலியாக (தனியாகக் கணக்கில் வரும் ஃபேமிலியாக) உள்ளே வைத்திருந்தால், மறைத்தவையும் ஷெட்யூல் என்ற பொருள் கணக்கு அட்டவணையில் எண்ணப்படும். 9 அங்குலத்துக்கு 3 அழி, 4 அடிக்கு 12. கண்ணுக்குத் தெரியாத அழிக்கும் சேர்த்துத் தேக்கு வாங்க வேண்டியதுதான்! வரைபடத்தில் பிழை இருந்தால் யாராவது கண்டுபிடிப்பார்கள்; அட்டவணையில் வரும் எண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை. எனக்கு எரிச்சல் அங்கேதான்.

வேறு தொல்லைகளும் உண்டு: சுவரை அழித்தால் அதில் பதித்த ஜன்னலும் சேர்ந்து போகும், புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. இவை பழகிவிடும்.

கடைசியில் அழியை ஷேர்டு இல்லாமல் ஆக்கினோம். எண்ணிக்கையை மட்டும் ஷேர்டு பாராமீட்டராக்கி (ஷெட்யூலிலும் காட்டக்கூடிய மாறியாக்கி), அழியின் நீளத்தோடு ஷெட்யூலிலேயே பெருக்கிக்கொண்டோம். வென்டிலேட்டருக்குத் தனி ஃபேமிலி: நடுவில் ஓர் அழி, சூத்திரம் எதுவும் இல்லை. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அது பிடிக்கவில்லை. "எல்லாத்தையும் ஒரே ஃபேமிலியில கொண்டு வரலாமே சார்" என்றான். வரலாம். ஆறு மாதம் கழித்து அந்த சூத்திரத்தை யார் பிரித்துப் படிப்பது? ஒரு பொருளின் வகைகள் மூன்றோ நான்கோதான் என்றால், தனித்தனியாகச் செய்துவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அளவு ஓயாமல் மாறும் சுவர் அலமாரிக்குத்தான் பாராமீட்டர் வேண்டும். அந்த ஃபேமிலியை இப்போது அவனிடமே கொடுத்திருக்கிறேன்.