இலைக் கணக்கு மும்பைக்குப் போன கதை

கோத்தகிரியில் என் சித்தப்பா இலை ஏஜென்ட். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலையை எடை போட்டு வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்புவார். பைத்தான் நிரல்மொழி படிக்க ஆரம்பித்ததும் பயிற்சிக்கு அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டேன். நம் நிரலைக் கூகுளின் கணினிகளில் ஓட்டித் தரும் கூகுள் ஆப் எஞ்சினில், வலைச்செயலி எழுத உதவும் ஃபிளாஸ்க் நூலகத்தை வைத்து.

ஏற்றுவது சுலபம்தான். நிரல் ஒரு கோப்பு, தேவையான நூலகங்களின் பட்டியல் ஒரு கோப்பு, எந்தப் பைத்தான் பதிப்பு என்று சொல்ல ஆப்.யாமல் என்று ஒரு கோப்பு. டெர்மினலில் ஒரே கட்டளை. 2008-ல் ஆப் எஞ்சின் வந்தபோது அதில் பைத்தான் மட்டும்தான் ஓடியது. அதனால் பழைய பாடங்கள் ஏராளம். வெப்ஆப்2 என்று கண்ணில் பட்டால் மூடிவிடுங்கள், அது பழைய பைத்தான் 2 காலத்து நூலகம்.

எனக்கு நேரம் பிடித்தது வேறு இடத்தில்: கணக்கை எங்கே வைப்பது? தொடக்கப் பாடங்கள் எஸ்கியூலைட் என்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளத்தில் வைக்கச் சொல்கின்றன. லேப்டாப்பில் சரி. ஆப் எஞ்சினிலோ நம் நிரலுக்கென்று நிரந்தரமாக ஒரு கணினி கிடையாது. யாராவது பக்கத்தைத் திறந்தால் ஒரு இன்ஸ்டன்ஸ், அதாவது நிரலின் ஓடும் பிரதி ஒன்று, எழும். கூட்டம் கூடினால் இன்னும் சில எழும். ஆள் வராவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். எழுத இடம் தருவது டெம்ப் என்ற தற்காலிக அடைவு மட்டும். அதுவும் நினைவகத்தில்தான், இன்ஸ்டன்ஸோடு போய்விடும். மூட்டை தூக்க வந்த தினக்கூலி ஆளிடம் கணக்கு நோட்டைக் கொடுத்து வைத்தமாதிரி. நாளைக்கு வேறு ஆள் வருவார்.

ஆகவே ஃபயர்ஸ்டோர்: இன்ஸ்டன்ஸ் அடங்கினாலும் அழியாத, கூகுளின் தரவுத்தளம். அதில் கிலோவையும் விலையையும் தனித்தனியாக வைத்தேன். எடை போடும் அன்று கிலோதான் தெரியும். சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும். ஈர இலைக்குக் கழிக்கும் எடைக்கும் தனி இடம் உண்டு. அங்கேதான் சண்டை வரும்.

இன்னொரு வேடிக்கை. சர்வர் கடிகாரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. லாரி தாமதமாகி நள்ளிரவுக்கு மேல் பதிந்தால் முந்தைய நாள் தேதி விழும். இலை பறித்ததும் முந்தைய நாள்தானே! ஆனாலும் இந்திய நேரத்துக்கு மாற்றி, இலைத் தேதி என்று தனிப் புலம் வைத்தேன். அதிர்ஷ்டத்தை நம்பிக் கணக்கு எழுத முடியாது.

"ஐப்பசி மழையில கரண்ட் போனா கணக்கும் போயிடுமாப்பா?" என்றார் சித்தப்பா. கணக்கு மும்பையில் கூகுளின் தரவு மையத்தில் இருக்கிறது, போகாது என்றேன். "டவரும் போயிட்டா?"

அதற்கு, எடையை ஃபோன் உலாவியிலேயே வைத்திருந்து, சிக்னல் வந்ததும் அனுப்ப வேண்டும். அது பைத்தான் வேலை இல்லை. இப்போது ஜாவாஸ்கிரிப்ட் படித்துக்கொண்டிருக்கிறேன்.