வெள்ளத்தில் முங்கும் முருகன்

குறுக்குத்துறை முருகனைக் கும்பிட வேண்டுமென்றால் முதலில் நனைய வேண்டும். அது எங்கள் ஆச்சி வைத்த சட்டம். ஞாயிறு விடியலில் திருநெல்வேலி டவுனிலிருந்து நடந்தே கூட்டிப்போவாள். வழியெல்லாம் வயலும் வாழையும். தாமிரபரணி கண்ணில் பட்டதும் பேரப்பிள்ளைகள் நாங்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடுவோம். "பொதிகையைப் பார்த்து மூன்று முங்கு! அப்புறம்தான் ஆட்டம்" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

ஆட்டம் என்றால் பொழுது போவதே தெரியாத ஆட்டம். கல்மண்டபத்திலிருந்து குதிப்போம். வெள்ளைக் கூழாங்கல்லை எறிந்து, அது அடியைத் தொடும் முன் முங்கி எடுப்போம். துண்டை இருவர் விரித்துப் பிடித்து அயிரை மீனுக்குக் காத்திருப்போம். ஆழமான கசத்தின் பக்கம் மட்டும் போகமாட்டோம். ஆச்சி கண்ணாலேயே கோடு போட்டிருப்பாள்.

பிறகு சொட்டச் சொட்டக் கோயிலுக்குள். கோயில் கரையில் இல்லை, ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்து மோதும் பக்கத்தைப் படகின் முகப்புப் போலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். திருச்செந்தூர் மூலவருக்கு இங்குள்ள பாறையிலிருந்துதான் கல் எடுத்தார்கள் என்பது ஊர் வழக்கு. திருவுருமாமலை என்ற பெயரும் அதையொட்டித்தான். பெருவெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்துவிடுவார்கள். மூலவர் அங்கேயே நிற்பார். தண்ணீர் அவருக்கு மேலே போகும்.

"சாமிக்கு மூச்சு முட்டாதா ஆச்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவனும் ஆற்றில் விளையாடுகிற பிள்ளைதானே. முங்கு நீச்சல் தெரியாமலா இருக்கும்?" என்றாள். தலை துவட்டிய கை நிற்கவில்லை. எத்தனையோ கோயில்களுக்குப் போய்விட்டேன். இதைவிட நெருக்கமாக ஒருவரும் எனக்குக் கடவுளைக் காட்டியதில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் ஆறு கோயிலை முழுவதுமாக மூடியது. அந்தப் படங்களை வெளியூரில் இருந்து பார்த்தபோது ஆச்சி சொன்னதைத்தான் மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். தை மாதம் ஊருக்குப் போனதும் நேரே அங்கேதான் போனேன். மண்டபத் தூணின் உச்சியில் வாழைச் சருகு சிக்கிக் காய்ந்திருந்தது. அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு உயரத்துக்கு வந்த ஆறு கீழே கணுக்கால் அளவில், ஒன்றும் அறியாதது போல ஓடிக்கொண்டிருந்தது.

படித்துறையில் பழைய துணிகளும் ஷாம்பு உறைகளும் ஒதுங்கிக் கிடந்தன. இது வெள்ளம் செய்த வேலை இல்லை, நாம் செய்தது. குளிக்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டாலே துறை சுத்தமாகிவிடும். என்னால் முடிந்தவரை பொறுக்கி ஒதுக்கினேன்.

சற்று ஆழமான இடம் பார்த்து இறங்கி, மேற்கே திரும்பி மூன்று முங்கு போட்டேன். கெண்டைக் குஞ்சுகள் குதிகாலைக் கடித்தன. ஈரவேட்டியோடு சந்நிதிக்குள் போனபோது, கழுவிவிட்ட கல்தரையில் இன்னும் வண்டல் வாசம் இருந்தது. தீபாராதனை வெளிச்சத்தில் முருகன் முகம். அன்றைக்குப் பார்த்த அதே முகம். பேச ஒன்றும் வரவில்லை, கண்ணில் நீர்தான் வந்தது.

ஈர நெற்றியில் இட்ட திருநீறு உடனே தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். டவுனுக்குத் திரும்பும் வழியில் டீக்கடைக் கண்ணாடியில் பார்த்தேன். மூன்று பட்டையும் பளிச்சென்று இருந்தன.