ஒரு பாதி நெல், ஒரு பாதி கம்பு

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கொல்லை இருக்கிறது என்றால் அலுவலகத்தில் ஒருவரும் நம்புவதில்லை. தாத்தா வாங்கிப் போட்ட வீடு. அகலம் 13 அடிதான். ரயில் பெட்டிபோல அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு, கடைசியில் அடுப்படி வரும். அதையும் தாண்டினால் கிணறு, துவைக்கிற கல், அவற்றுக்குப் பின்னால் 17 அடி நீளத்துக்கு வெறும் மண். நான் சொல்லும் கொல்லை அதுதான்.

2016 டிசம்பரில் வர்தா புயல் முருங்கையைச் சாய்த்த பிறகு அங்கே எதுவும் நிலைக்கவில்லை. இரண்டு முறை நர்சரியில் கொரியன் புல் வாங்கிப் பதித்தேன். கடற்கரைப் பக்கத்துக் கிணற்று நீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, வாயில் வைக்க முடியாத உப்பு. முதல் புல் மூன்றே வாரத்தில் துடைப்பக் குச்சியாகிவிட்டது. இரண்டாவதற்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். "குடிக்கப் பிடித்துவைத்த தண்ணீரைப் புல்லுக்கு ஊற்றுகிறீர்களா?" என்று மனைவி கேட்டாள். அது 2019 கோடை. தெருவே குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த நேரம். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அப்புறம் சின்னவன் துவைக்கிற கல்லின் ஓரத்தில் விழுந்து முகவாயில் மூன்று தையல் போட்டுக்கொண்டு வந்தான். அன்று இரவே செயற்கைப் புல் என்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

பாரிமுனைச் சந்து ஒன்றில் தரைவிரிப்பு விற்கும் கடைக்காரர் ஐந்து துண்டுகளை எடுத்துப் போட்டார். 25 மில்லிமீட்டர், 35, 40 என்று உயரம் சொல்லிக்கொண்டே போனார். உயரம் கூடினால் பார்க்க அழகு, ஆனால் நாலு நாள் மிதித்தால் படுத்துவிடும். 35இல் நின்றேன். கட்டைவிரலால் ஒரு கற்றையைப் பிரித்துப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. நிமிர்ந்து நிற்கும் இழைகளில் இரண்டு விதப் பச்சை. அவற்றின் அடியில், சுருண்டு சுருண்டு பழுப்பு நிற இழைகள். நிஜப் புல்தரையில் காய்ந்து கிடக்கும் சருகு இருக்குமல்லவா, அதையும் பிளாஸ்டிக்கில் செய்து உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்கள். செத்த புல்லுக்கும் சேர்த்து சதுர அடி 48 ரூபாய்.

சுருளின் அகலம் இரண்டு மீட்டர். இரண்டு பட்டை போட்டால் எங்கள் 13 அடிக்குக் கச்சிதமாக உட்கார்ந்து ஒன்றரை அங்குலம் மிச்சப்படும். ஐந்தரை மீட்டர் நீளத்தில் இரண்டு வெட்டச் சொன்னேன். ஏறக்குறைய 11,400 ரூபாய். மகன் பந்து விளையாடும் வாடகைத் திடல்களில் தூவுகிறார்களே, காலணிக்குள் புகுந்து வீடெல்லாம் கொட்டும் கறுப்பு ரப்பர் குருணை, அது வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தக் குருணையின் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தடை கொண்டுவந்து, 8 ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது. என் வீட்டில் அவகாசமே கிடையாது. இழைகள் நிமிர்ந்து நிற்க அவற்றுக்கிடையே தூவ, வீட்டுக்குக் காய்ந்த சிலிக்கா மணல் போதும்.

புல் விரிப்பது ஒரு மணி நேர வேலை. அதற்குக் கீழே இருப்பதற்கு எங்களுக்கு இரண்டு ஞாயிறு பிடித்தது. கொத்தனார் அண்ணன் நாலு அங்குலம் மண்ணை வெட்டி எடுத்தார். மூன்று அங்குலம் ஜல்லி, அதன்மேல் ஒரு அங்குலம் எம்-சாண்ட். அரை யூனிட் ஜல்லிதான், ஆனால் கொல்லைக்கு வேறு வழி இல்லை. வாசலில் கொட்டிய ஜல்லியை இரும்புச் சட்டியில் அள்ளி, கூடம் வழியாக, படுக்கை அறை வழியாக, அடுப்படி வழியாகக் கொண்டுபோக வேண்டும். மனைவி பழைய புடவைகளைத் தரையில் விரித்து ஒரு பாதை போட்டுக் கொடுத்தாள். நூற்றுச் சொச்சம் நடை. எட்டாவது நடையிலேயே சின்னவன் எண்ணுவதை விட்டுவிட்டான், நான் விடவில்லை. கன்டெய்னர் கிடங்கில் இருபது வருடமாக எண்ணியே சம்பளம் வாங்குகிறவன்.

அண்ணன் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து, ஜலதாரைப் பக்கம் இரண்டு அங்குலம் சரிவு விட்டார். திமிசுக் கட்டையால் இடிக்க இடிக்கப் பக்கத்து வீட்டுக்காரர் மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்தச் சரிவுக்காகவே அண்ணனுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோதும் கொல்லையில் கால் நனையவில்லை.

விரித்தது நானும் மச்சானும். அங்கேதான் பிழை. சுருளை வெயிலில் இரண்டு மணி நேரம் பிரித்துப் போட்டு மடிப்பு எடுத்தோம், எல்லாம் முறைப்படி. இரண்டு பட்டைகளும் சேரும் இடத்தில் ஒரு பக்க ஓரம் பிசிறாக இருந்தது. மச்சான் அந்தப் பட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். ஓரம் அழகாகப் பொருந்தியது. அடியில் நாடாவை வைத்துப் பசை தடவி ஒட்டிவிட்டோம். ஆணியும் அடித்துவிட்டோம். சாயங்காலம் அடுப்படி வாசலில் நின்று பார்த்தால் இடப்பக்கம் வெளிர் பச்சை, வலப்பக்கம் கரும்பச்சை.

இந்தப் புல்லுக்கும் ஒரு சாய்வு உண்டு. இழைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்த்திருக்கும். நம்மை நோக்கிச் சாய்ந்தால் ஒரு நிறம், முதுகைக் காட்டினால் வேறு நிறம். பட்டைகளை ஒரே திசையில் போட வேண்டும் என்பது முதல் பாடம், எனக்கு அது கடைசியில் கிடைத்தது. அம்மா காபி டம்ளரோடு வந்து நின்று பார்த்தார். "என்னடா இது, ஒரு பாதி நெல், ஒரு பாதி கம்பா?" மச்சான் அன்று இரவு சாப்பாட்டுக்கு நிற்கவில்லை.

கத்திரி வெயிலில்தான் அடுத்த பாடம். மதியம் ஒன்றரை மணிக்கு வெறுங்காலோடு இறங்கிய சின்னவன் அலறிக்கொண்டு திரும்பி ஓடினான். கிடங்கில் குளிர்பதனக் கன்டெய்னர் பார்க்கும் மெக்கானிக்கிடம் இருக்கும் வெப்பமானித் துப்பாக்கியை மறுநாள் இரவல் வாங்கி வந்து குறிபார்த்தேன். சிமென்ட் தரை 51 டிகிரி. புல் 64. கிணற்றடியில் யாரும் நடாமல் தானே முளைத்திருந்த அருகம்புல் 38. உயிருள்ள புல் தண்ணீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்குக்கு அந்த வித்தை தெரியாது. வாளித் தண்ணீர் ஊற்றினால் இருபது நிமிடம் தாங்கும், பிறகு பழைய கதை. தண்ணீர் செலவில்லாத புல் என்று நான் மனைவியிடம் சொல்லியிருந்தேன்.

அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். துறைமுகத்தில் வேலை பார்த்தவர், எழும்பூர் ஹாக்கித் திடலுக்குத் தவறாமல் போவார். 1975இல் கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பை வாங்கியது நிஜப் புல்லில். அடுத்த வருடமே மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை, நமக்கு ஏழாவது இடம். "புல்லை மாற்றி நம்மைக் கவிழ்த்துவிட்டான்கள்" என்பது அவருடைய தீராத வழக்கு. பிறகு எழும்பூரிலும் செயற்கைத் தரைதான் வந்தது, ஆட்டத்துக்கு முன்னால் அதற்கும் தண்ணீர் அடிக்கிறார்கள்.

பூனைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம். வருகிற பூனை வெறும் வாயோடு வராது. மீன் தலையை எங்கள் பச்சையின் நடுவில் வைத்துச் சாவகாசமாகத் தின்றுவிட்டு, அதே இடத்தில் சிறுநீரும் கழித்துவிட்டுப் போகும். மண்ணாக இருந்தால் புதைத்திருக்கும். இங்கே எதைத் தோண்டுவது? வினிகர் கலந்த தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் நாற்றம் போகிறது. வாரம் ஒரு முறை அது என் வேலை.

இந்தப் பங்குனியில் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா அப்பாவின் பழைய வேட்டியைப் புல்மேல் விரித்து, அதில் கூழ் வடகம் இட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் வடகம் இடுவது எனக்குத் தெரிந்து வெகு காலம் இல்லாமல் இருந்தது. துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிய நாட்களில் மாடியில் எதைக் காயவைத்தாலும் மாலைக்குள் மேலே கரிப்பொடி படிந்துவிடும், வெள்ளைத் துணியைக் கூட வீட்டுக்குள்தான் உலர்த்துவோம். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் நிலக்கரி எண்ணூருக்குப் போனது. கரி போன பிறகும் அம்மாவுக்குப் பழைய பயம் போகவில்லை.

"காலையில் இட்டேன், அதற்குள் ஓரம் தூக்கிக்கொண்டது பார்" என்று ஒன்றை உரித்துக் காட்டினார். மாடித் தரையில் மூன்று நாள் பிடிக்கும். இங்கே கீழிருந்தும் சூடு, மேலிருந்தும் சூடு. மறுநாள் மாலை டப்பாவில் போட்டு மூடியாகிவிட்டது. கரும்பச்சைப் பாதியில் வைத்தது சீக்கிரம் காய்ந்தது என்று சாதிக்கிறார். இரண்டும் ஒரே புல்தான், திசைதான் வேறு என்று சொல்லிப் பார்த்தேன்.

இப்போது மதியத்தில் சின்னவன் அங்கே இறங்க அனுமதி இல்லை, காக்கை விரட்ட மட்டும் அம்மா கூப்பிடுவார். நேற்றுத் திருவொற்றியூர்ச் சித்தியிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "ஆமாம், கொல்லையில் வடகம் காயப்போட என் பிள்ளை புல் போட்டுக் கொடுத்திருக்கிறான்."