சிபிஏபி பாஸ் ஆயாச்சு, எழுதப் போறவங்களுக்கும் கொட்டேஷன் போடுறவங்களுக்கும்

சிபிஏபிங்கறது பிசினஸ் அனலிஸ்ட், அதாவது க்ளையன்ட்டுக்கு நிஜமா இன்னா வேணும்னு கேட்டு எழுதறவங்களுக்கான சர்டிஃபிகேட் பரீட்சை. நேத்து ஸ்க்ரீன்ல பாஸ்னு பாத்ததும்தான் மூச்சு வந்துச்சு, சூட்டோட சூடா எழுதிடறேன். 7500 மணி நேர அனுபவக் கணக்கு, 35 மணி நேர க்ளாஸ் எல்லாம் அப்ளை பண்றவங்களுக்குத் தெரியும், அதுக்குள்ள போகல.

பேபாக்னு இந்தப் பரீட்சைக்கான கைடு புக், அதுல இருக்கற 50 டெக்னிக்கையும் மனப்பாடம் பண்ணச் சொல்வாங்க. என்னைக் கேட்டா, "கன்ஃபர்ம் எலிசிட்டேஷன் ரிசல்ட்ஸ்", அதாவது கேட்டு வாங்கின தகவல் சரிதானான்னு உறுதி பண்ற ஒரு டாஸ்க்கை நல்லா ஊற வைங்க. க்ளையன்ட் பேசி முடிச்சாச்சு, அடுத்து இன்னா பண்ணனும்னு கேள்வி வந்தா கை நேரா டிசைன் பக்கம் போவும், விடாதீங்க. அவர் சொன்னதை வேற ஆளுகிட்டயும் இருக்கற பேப்பர்லயும் ஒத்துப் பாத்தாச்சான்னு மறுபடி படிங்க.

இதை எனக்குப் புரிய வச்சது ராணிப்பேட்டைல ஒரு டேனரி, தோல் பதப்படுத்தற ஃபேக்டரி. "ஸ்டாக் சாஃப்ட்வேர்தான் தம்பி, தோல் உள்ள வருது, வெளிய போவுது, ரேட்டைச் சொல்லு"ன்னாரு ஓனர். ஒரு நாள் உள்ள நின்னு பாத்துட்டு சொல்றேன் பாய்னேன். நின்னா, வெட் ப்ளூல (குரோம் போட்டு பதனிட்ட ஈரத் தோல்) தரம் பிரிக்கறப்பவே ஒரே லாட் பல க்ரேடா உடையுது, அதுல கொஞ்சம் ஜாப் வொர்க்குக்கு வேற யூனிட் போவுது, ஃபினிஷிங் முடிஞ்சு மிஷின்ல அளந்தா சதுர அடி முன்ன இருந்த கணக்கு இல்ல. எந்த லாட் எங்க நிக்குதுன்னு மேஸ்திரியோட பென்சில் நோட்டைப் பாத்தாதான் தெரியும், அப்படி ஒரு நோட்டு இருக்கறது ஓனருக்கே தெரியாது. எல்லாத்தையும் ஒரே பக்கத்துல எழுதி ரெண்டு பேரையும் உக்கார வச்சு படிச்சுக் காட்டினேன், ஓனர் சரின்னு தலையாட்டுன இடத்துல எல்லாம் மேஸ்திரி குறுக்க வந்து திருத்தினாரு. அப்புறம் போட்ட கொட்டேஷன் மொதல்ல மனசுல இருந்ததைவிட ரெண்டு மடங்கு, பாய் பேரமே பேசல.

ரேட்டுக்கு முன்ன நான் கேக்கறது:
- இப்ப எதுல எழுதறீங்க? நோட்டோ எக்செல்லோ, கண்ணால பாக்கணும்
- கணக்கு தப்பினா யாரு திட்டு வாங்குவாங்க? அவங்ககிட்ட தனியா பேசணும்
- டேலியோட சேரணுமா?
- எதெல்லாம் இந்த ரேட்டுல வராது? இதை எழுத்துல
- வேலை முடிஞ்சதுன்னு யாரு கையெழுத்துப் போடுவாங்க?

பரீட்சைல எலிசிட்டேஷனுக்கு 12 சதவீதக் கேள்விதான், அனாலிசிஸ் அண்ட் டிசைனுக்குத்தான் 30, அதைப் படின்னு சொல்றவங்க இருக்காங்க. அந்த 30-க்குள்ளயும் பாதிக் கேள்வி, கேட்டது சரியாங்கறதுலதான் சுத்துது, எனக்கு வந்ததுல அப்படித்தான் இருந்துச்சு.

டைம்: 120 கேள்வி, மூணரை மணி நேரம், ஒண்ணுக்கு ஒண்ணே முக்கால் நிமிஷம். கேஸ் ஸ்டடில கேள்வியை மொதல்ல படிச்சிட்டு கதைக்குப் போங்க. வேலூர்ல வீட்டுலருந்து எழுதறவங்க உங்க ஏரியா ஈபி ஷட்டவுன் தேதி பாத்துட்டு ஸ்லாட் போடுங்க.